சுகர் இருப்பவரின் பிரஷர்



சுகர் இருப்பவர்கள் நாலு பேர் ஒரு திண்ணையில் உட்கார்ந்தால் பேச்சு எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்ட பிறகு எவ்வளவு, மூன்று மாத சராசரி ஏழா எட்டா. போன தீபாவளிக்கு முன்னால் எடுத்த கணக்குகூட மனப்பாடமாக வரும். அதே ஆளிடம், "ஐயா, பிரஷர் எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். "நார்மல்னு சொன்னாங்க" என்பார். எண் வராது. இன்னும் சிலர், "கொஞ்சம் கூடத்தான் இருக்காம், வயசுக்கு அது சகஜம்தானே" என்று முடித்துவிடுவார்கள்.

இந்த இரண்டு பதில்களைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். சுகர் உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பவை மாரடைப்பும் பக்கவாதமும். அந்த இரண்டுக்கும் கதவைத் திறந்துவிடுவதில் பிரஷருக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் சுகர் உள்ளவரின் பிரஷரை ஒரு கையில், உட்கார வைத்து, ஒரே ஒரு தடவை அளந்தால் அது பாதி உண்மையைக்கூடச் சொல்லாது. என் பேச்சின் சாரம் இதுதான், மற்றதெல்லாம் விளக்கம்.

முதலில் ஒரு கணக்கு. அமெரிக்காவில் எம்ஆர்ஃபிட் என்ற ஆய்வுக்காக 35 முதல் 57 வயதுவரை உள்ள சுமார் 3,48,000 ஆண்களைப் பரிசோதித்தார்கள். அவர்களில் ஐயாயிரத்துச் சொச்சம் பேர் சர்க்கரைக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள். எல்லாரையும் சராசரியாக 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1993-ல் முடிவை வெளியிட்டார்கள். பிரஷர் ஏற ஏற இதயநோய்ச் சாவு ஏறியது, அது எதிர்பார்த்ததுதான். கவனிக்க வேண்டியது வேறு: ஒரே பிரஷர் உள்ள இரண்டு பேரை எடுத்துக்கொண்டால், சுகர் உள்ளவருக்கு ஆபத்து சுமார் மூன்று மடங்கு. பக்கத்து வீட்டுக்காரருக்கு 145 இருந்து அவர் நன்றாகத்தானே நடமாடுகிறார் என்று சுகர் உள்ளவர் தன்னைத் தேற்றிக்கொள்ள முடியாது. அவருடைய 145 வேறு, இவருடைய 145 வேறு.

நம் நாட்டு நிலவரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஐசிஎம்ஆர் – இண்டியாப் ஆய்வு 2023-ல் சொன்ன கணக்குப்படி, வயதுவந்தோரில் நூற்றுக்கு 11.4 பேருக்கு சர்க்கரை, தமிழ்நாட்டில் 14.4. ரத்தக் கொதிப்போ நாடு முழுக்க நூற்றுக்கு 35 பேருக்கு மேல். இரண்டும் ஒரே உடம்பில் குடியிருப்பது தற்செயல் அல்ல. வயிற்றுக் கொழுப்பு, இன்சுலினுக்குச் சரியாகக் கீழ்ப்படியாத உடல், உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சிறுநீரகம் என்று இரண்டுக்கும் வேர்கள் பொதுவானவை.

"வயசுக்கு சகஜம்" என்பது எங்கிருந்து வந்தது? அது நம்மூர்ப் பாட்டிகள் கண்டுபிடித்தது என்று நினைக்க வேண்டாம், டாக்டர்கள்தான் சொல்லிக்கொடுத்தார்கள். 1896-ல் இத்தாலியில் ரிவா-ரோச்சி என்பவர் கையில் காற்றுப் பட்டையைச் சுற்றி, நாடி அடங்கும் இடத்தைப் பாதரச மட்டத்தில் படித்தார். அதில் மேல் பிரஷர் மட்டும்தான் தெரியும். 1905-ல் ரஷ்யாவில் நிக்கோலாய் கொரோட்கோவ் என்ற அறுவை மருத்துவர், பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, காற்று இறங்கும்போது கேட்கும் சத்தத்தைக் கவனித்தார். சத்தம் தொடங்கும் இடம் மேல் அளவு, அடங்கும் இடம் கீழ் அளவு. ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்ட அவருடைய அறிக்கையை வைத்துத்தான் உலகம் ஒரு நூற்றாண்டு பிரஷர் பார்த்தது. அளக்கத் தெரிந்ததும், எந்த எண்ணுக்குப் பயப்பட வேண்டும் என்பதில் வழி தவறினார்கள். வயதோடு நூறைக் கூட்டினால் வருவதுதான் நியாயமான மேல் பிரஷர் என்றும், பயப்பட வேண்டியது கீழ் பிரஷருக்கு மட்டும் என்றும் பல தலைமுறை மருத்துவர்கள் நம்பினார்கள். 1948-ல் அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் என்ற சிற்றூரில் ஐயாயிரம் பேரைத் தொடர்ந்து கவனிக்க ஆரம்பித்த பிறகுதான் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. 2002-ல் பத்து லட்சம் பேரின் தகவல்களைச் சேர்த்துப் பார்த்தபோது, நாற்பதிலிருந்து எழுபதுக்குள் இருப்பவர்களுக்கு 115-க்கு மேல் ஒவ்வொரு 20 ஏற்றத்துக்கும் மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் சாகும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாவது தெரிந்தது. வயது ஏறுவதால் பிரஷர் ஏறுவது வழக்கமாக இருக்கலாம். வழக்கமானது எல்லாம் தீங்கற்றது ஆகிவிடாது.

இனி அளக்கும் இடத்துக்கு வருவோம். ஒரு அரசு மருத்துவமனையில் காலை ஓ.பி. நேரம். அறுபது வயதுக்காரர் ஒருவர் இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். வாசலில் ஒரு டீ, வரிசையில் ஒரு மணி நேரம். எழுந்து போனால் இடம் போய்விடும் என்று சிறுநீரை அடக்கிக்கொண்டு நிற்கிறார். முறை வந்ததும் ஸ்டூலில் உட்கார்த்துகிறார்கள். சாய முதுகுக்கு எதுவும் கிடையாது. முழுக்கைச் சட்டையைச் சுருட்டி மேலே ஏற்றியதில் புஜத்தை அது இறுக்கிப் பிடிக்கிறது. பட்டையைச் சுற்றுகிறார்கள், கை தொடையில் கிடக்கிறது. மெஷின் ஏறும்போதே செவிலியர் கேட்கிறார்: "ஐயா, மாத்திரை தீந்துபோயி எத்தன நாளாச்சு?" அவரும் ஆதியோடு அந்தமாகச் சொல்ல ஆரம்பிக்கிறார். 158-க்கு 92 என்று வருகிறது. சீட்டில் எழுதியாயிற்று. அடுத்த ஆள்.

டீ, அடக்கிய சிறுநீர், சாய்மானம் இல்லாத முதுகு, பேச்சு என்று இதில் ஒவ்வொன்றும் எண்ணைத் தள்ளிவிடக்கூடியது. கை இருக்கும் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2024-ல் இதைச் சோதித்தார்கள். மேஜைமேல், நெஞ்சு மட்டத்தில் கையை வைத்து எடுத்ததைவிட, மடியில் வைத்து எடுத்தால் மேல் அளவு சுமார் 4 கூடுகிறது; பக்கவாட்டில் தொங்கவிட்டால் ஆறரை. அதற்கு முந்திய ஆண்டு அதே இடத்தில் பட்டையின் அளவைச் சோதித்தார்கள். பெரிய பட்டை வேண்டிய புஜத்துக்குச் சாதாரணப் பட்டையைச் சுற்றினால் ஐந்து வரை கூடுகிறது. மிகப் பெரிய பட்டை வேண்டியவருக்கு அப்படிச் செய்தால் கிட்டத்தட்ட இருபது கூடுகிறது! அந்த இருபதுக்காக ஒருவர் ஆயுள் முழுக்க ஒரு மாத்திரை கூடுதலாக விழுங்கிக்கொண்டிருக்கலாம். சுகரும் உடல்பருமனும் கூட்டாளிகள் என்பதால், பட்டைத் தவறில் சிக்குகிறவர்களில் சுகர்காரர்கள் கணிசம். வீட்டுக்கு மெஷின் வாங்குகிறவர்கள் புஜத்தின் சுற்றளவை டேப்பால் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். பெட்டியிலேயே எத்தனை சென்டிமீட்டர் கைக்கு என்று போட்டிருக்கும்.

செவிலியர்களைக் குறை சொல்ல நான் இதைச் சொல்லவில்லை. அந்த வரிசையில் ஒவ்வொருவரையும் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்து இரண்டு தடவை எடுப்பது என்றால் ஓ.பி. சாயங்காலம்வரை போகும். அதனால்தான் வீட்டில் எடுக்கச் சொல்கிறோம். காலையில் மாத்திரைக்கு முன்னால் இரண்டு, ராத்திரி இரண்டு, ஒரு வாரம், முதல் நாள் கணக்கைத் தள்ளிவிட்டு மீதிக்குச் சராசரி. வீட்டில் 135-க்கு 85 வந்தால், அது ஆஸ்பத்திரியின் 140-க்கு 90-க்குச் சமம்.

இதுவரை சொன்னது எல்லாருக்கும் பொருந்தும். சுகர் உள்ளவருக்கென்றே உள்ள சிக்கல்கள் இனிமேல்தான் வருகின்றன.

சுகர் பல வருடம் இருந்தால் கால் நரம்புகள் மரத்துப்போவது உங்களுக்குத் தெரியும். நாம் நினைத்து இயக்காத, உடம்பு தானாகவே நடத்திக்கொள்ளும் நரம்புகளும் அதே மாதிரி தேய்கின்றன. நாம் எழுந்து நின்றவுடன் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. அந்த நொடியில் ரத்தக்குழாய்களைச் சுருக்கச் சொல்லி, இதயத்தை வேகப்படுத்தி, மூளைக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்பவை அந்த நரம்புகள். அவை தேய்ந்துவிட்டால் நிற்கும்போது பிரஷர் சரிகிறது. நின்று மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20-ஓ கீழ் அளவு 10-ஓ இறங்கினால் அது நோய்க்குறி.

எழுபதைத் தொட்ட ஒரு அம்மா. பதினைந்து வருட சுகர். உட்கார வைத்து எடுத்தால் 152. இன்னொரு மாத்திரை சேர்க்கலாம் என்று யாருக்கும் தோன்றும். "எழுந்து நில்லுங்கம்மா" என்று பட்டையைக் கழற்றாமலே நிற்கச் சொன்னால், ஒரு நிமிடத்தில் 118.

"தலை சுத்துதாம்மா?"

"அது எப்பவும் உள்ளதுதானுங்களே டாக்டரய்யா. காலைல எந்திரிச்சா செவுத்தப் புடிச்சுக்கிட்டுதான் கொல்லைக்குப் போவேன். பித்தம்தான்னு இஞ்சி தட்டிக் குடிக்கிறேன்."

அது பித்தம் இல்லை. அந்த 152-ஐ மட்டும் பார்த்து மாத்திரையைக் கூட்டியிருந்தால், அவர் ஒரு நாள் காலையில் கொல்லைப்புறத்தில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டிருப்பார். இப்படிப்பட்டவர்களில் பலருக்குப் படுத்திருக்கும்போது பிரஷர் தாறுமாறாக ஏறுவதும் நிற்கும்போது சரிவதும் சேர்ந்தே இருக்கும். மருத்துவம் பார்ப்பவருக்கு இதைவிட இக்கட்டு வேறு இல்லை. சுகர் உள்ளவருக்கு வருடத்தில் ஒரு தடவையாவது நிற்க வைத்துப் பிரஷர் எடுக்க வேண்டும். மூன்று நிமிட வேலை, செலவு எதுவும் இல்லை. இருந்தும் அதிகம் தவறிப்போவது இந்தப் பரிசோதனைதான். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

அடுத்தது இரவு. நல்ல உடம்பில் தூங்கும்போது பிரஷர் பத்து முதல் இருபது சதவீதம்வரை இறங்கும். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அதுதான் ஓய்வு நேரம். நரம்பும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்ட சுகர்காரர் பலருக்கு இந்த இறக்கம் இல்லை. சிலருக்கு இரவில் ஏறவே செய்கிறது. குறட்டை விட்டு நடுநடுவே மூச்சு நின்று நின்று தூங்குபவர்களுக்கும் அப்படித்தான். இவர்கள் காலை பத்து மணிக்கு ஓ.பி.யில் 128 காட்டுவார்கள், "நார்மல்" என்று எழுதி அனுப்புவோம். ஸ்பெயினில் 63,910 பேருக்கு இடுப்பில் சிறு கருவி கட்டி 24 மணி நேரப் பிரஷரைப் பதிந்து, 2018-ல் முடிவைச் சொன்னார்கள். யார் சாகப்போகிறார் என்பதை ஆஸ்பத்திரி எண்ணைவிட அந்த 24 மணி நேர எண்தான் நன்றாகக் காட்டியது. ஆஸ்பத்திரியில் சரியாகவும் வெளியில் கூடுதலாகவும் இருந்தவர்கள், அதாவது பிரஷர் ஒளிந்திருந்தவர்கள், மிக அதிக ஆபத்தில் இருந்தார்கள். அவர்களுக்கு யாருமே சரியாக மருந்து கொடுக்காதது ஒரு காரணமாக இருக்கலாம்.

மூன்றாவது, ரத்தக்குழாயின் விறைப்பு. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து, பிறகு தானே சுருங்கி ரத்தத்தைத் தள்ள வேண்டும். சர்க்கரை அதன் சுவரில் உள்ள புரதங்களோடு ஒட்டி, வயதுக்கு முன்பே அதை வெயிலில் கிடந்து காய்ந்த ஹோஸ் பைப் மாதிரி ஆக்கிவிடுகிறது. விரியாததால் மேல் அளவு ஏறும். சுருங்கித் தள்ளாததால் கீழ் அளவு இறங்கும். 164-க்கு 68 என்று வந்தால், "கீழ் பிரஷர் நல்லா இருக்கு" என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. இரண்டுக்கும் நடுவில் உள்ள 96-ஐப் பாருங்கள். அறுபது தாண்டினாலே யோசிக்க வேண்டிய இடைவெளி அது. இதயத்துக்கு ரத்தம் கிடைப்பது பெரும்பாலும் அது தளரும் நேரத்தில், அதாவது கீழ் அளவின் நேரத்தில். மேலே கூடுதல் பாரம், கீழே குறைந்த தீனி என்று இதயம் இரண்டு பக்கமும் இடிபடுகிறது.

இதே விறைப்பு இன்னொரு இடத்திலும் நம்மை ஏமாற்றும். கால் ரத்தக்குழாய் அடைப்பைக் கண்டுபிடிக்க, கணுக்கால் பிரஷரைக் கைப் பிரஷரால் வகுப்பார்கள், 0.9-க்குக் கீழே போனால் அடைப்பு. சுகர் உள்ளவரின் கணுக்கால் குழாயில் சுண்ணாம்பு படிந்திருந்தால் பட்டை எவ்வளவு அழுத்தினாலும் அது மசியாது. விடை 1.4-க்கு மேல் வரும். அதை "ரொம்ப நல்லது" என்று படித்துவிடக் கூடாது. அங்கே கால் விரலில் அளக்க வேண்டும். இரண்டு கைக்கும் பத்துக்கு மேல் வித்தியாசம் வந்தாலும் குழாயில் கோளாறு இருக்கலாம். அதன் பிறகு எந்தக் கையில் கூடுதலோ அந்தக் கையிலேயே எப்போதும் எடுங்கள்.

சரி, எவ்வளவுக்கு இறக்க வேண்டும்? இதில்தான் மருத்துவ உலகம் கால் நூற்றாண்டாக மல்லுக்கட்டுகிறது.

1998-ல் பிரிட்டனின் யுகேபிடிஎஸ் ஆய்வு வந்தது. சுகரும் பிரஷரும் சேர்ந்த 1,148 பேர். ஒரு பகுதியினருக்குச் சராசரி 144-க்கு 82, இன்னொரு பகுதியினருக்கு 154-க்கு 87. வித்தியாசம் மேலே பத்து, கீழே ஐந்து, அவ்வளவுதான். எட்டு வருடத்துக்கு மேல் போனதில் பக்கவாதம் 44 சதவீதம் குறைந்தது. சர்க்கரையால் வரும் சாவு 32 சதவீதம் குறைந்தது. கண்ணின் விழித்திரை பாதிப்பும் குறைந்தது. 144 என்பதே இன்றைக்கு நமக்குக் கூடுதல்; அதற்கே இவ்வளவு பலன்.

அப்படியானால் 120-க்கு இறக்கினால்? 2010-ல் அமெரிக்காவின் அக்கார்டு ஆய்வு அதைத்தான் கேட்டது. 4,733 சுகர்காரர்கள், ஒரு பக்கம் 119, இன்னொரு பக்கம் 133. மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய்ச் சாவு மூன்றையும் கூட்டிப் பார்த்தால் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. பக்கவாதம் மட்டும் 62-லிருந்து 36-ஆகக் குறைந்தது. மருந்தால் வந்த கடும் தொல்லைகளோ 1.3 சதவீதத்திலிருந்து 3.3-ஆக ஏறின. "120 வேண்டாம், 140 போதும்" என்று உலகம் பின்வாங்கியது. ஐந்து வருடம் கழித்து வந்த ஸ்பிரிண்ட் ஆய்வில் 120-க்கு இறக்கியவர்களுக்குக் கால் பங்கு ஆபத்து குறைந்தது. ஆனால் அதில் சுகர் உள்ளவர் ஒருவரைக்கூடச் சேர்க்கவில்லை. நம் கேள்வி அந்தரத்திலேயே நின்றது.

2024 நவம்பரில்தான் சீனாவிலிருந்து பிப்ரோட் ஆய்வு வந்தது. 12,821 சுகர்காரர்கள், அக்கார்டைவிட இரண்டரை மடங்குக்கு மேல். ஒரு பக்கம் 121, இன்னொரு பக்கம் 133. இந்தத் தடவை மொத்த ஆபத்தும் 21 சதவீதம் குறைந்தது. தலைசுற்றும் அளவுக்குப் பிரஷர் இறங்குவதும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுவதும் இறக்கியவர்களிடம் கூடுதல். அக்கார்டு தோற்றது என்று நான் சொல்ல மாட்டேன். அதில் எதிர்பார்த்ததில் பாதி அளவுக்குத்தான் மாரடைப்பும் பக்கவாதமும் நடந்தன. எண்ணிக்கை போதாமல் பலன் கண்ணுக்குப் படவில்லை என்பதே என் கருத்து.

இதை வைத்து நாளைக்கே எல்லாருக்கும் 120 என்று இறங்கிவிடக் கூடாது. பெரும்பாலான வழிகாட்டுதல்கள் சொல்லும் 130-க்கு 80-க்குக் கீழ் என்பதை முதலில் எட்டுவோம். ஐம்பது வயது, திடமான உடம்பு, நின்றாலும் சரியாத பிரஷர் என்றால் 120 பக்கம் போகத் துணியலாம். சுவரைப் பிடித்து நடக்கும் அந்த அம்மாவுக்கு 120 என்று நான் எழுதித் தர மாட்டேன். இன்னொன்று: இந்த ஆய்வுகளில் 120 என்பது அமைதியாக உட்கார வைத்து, முறையாக எடுத்த 120. ஓ.பி. ஸ்டூலில் எடுத்ததை அந்த 120-ஓடு ஒப்பிட்டு மருந்து கூட்டினால், உண்மையில் 110-ஐத் துரத்திக்கொண்டிருப்போம்.

யுகேபிடிஎஸ்ஸுக்கு ஒரு பின்கதை உண்டு. ஆய்வு முடிந்து பத்து வருடம் கழித்து, 2008-ல், அதே ஆட்களைத் திரும்பிப் பார்த்தார்கள். சர்க்கரையை ஆரம்பத்திலேயே கட்டுப்படுத்தியவர்களுக்கு, பிற்காலத்தில் கட்டுப்பாடு தளர்ந்த பிறகும் அந்தப் பலன் தொடர்ந்தது. பிரஷரில் அப்படி இல்லை. இரண்டு வருடத்துக்குள் இரண்டு பகுதியினரின் பிரஷரும் ஒன்றானது. பக்கவாதத்திலும் சாவிலும் கிடைத்த லாபம் கரைந்துவிட்டது. பிரஷர் மாத்திரைக்குச் சேமிப்புக் கணக்கே கிடையாது. "இப்ப நார்மலா இருக்கு, நிறுத்திப் பாக்கட்டுமா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் அதுதான். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மாத்திரை தீர்ந்துபோய்ப் பத்து நாள் சும்மா இருந்தேன் என்ற கதை இதனால் குறைய வேண்டும். மாத்திரை கொண்டுவருபவர் கையில் பிரஷர் மெஷினும் இருக்கும்; நிற்க வைத்து ஒரு தடவை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், தப்பில்லை.

சீட்டில் இரண்டு கேள்விகள் வந்திருக்கின்றன. முதலாவது, கைக்கடிகாரத்தில் பிரஷர் பார்க்கலாமா? பட்டை இல்லாத கருவிகளை நம்பி மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ இப்போதைக்கு வேண்டாம். அடி எண்ணுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பிரஷர் மாத்திரையை ராத்திரி போட்டால்தான் இதயத்துக்கு நல்லது என்கிறார்களே? இரவுப் பிரஷரைப் பற்றி இவ்வளவு பேசிய பிறகு இது நியாயமான கேள்வி. பிரிட்டனில் 21,000-க்கு மேற்பட்டவர்களை வைத்து டைம் என்ற ஆய்வு நடந்தது; 2022-ல் முடிவு வந்தது. காலையில் போட்டவர்களுக்கும் இரவில் போட்டவர்களுக்கும் மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ வித்தியாசம் இல்லை. அதனால் உங்களுக்கு மறக்காத நேரம் எதுவோ அதில் போடுங்கள். நீர் பிரியும் மாத்திரை மட்டும் விதிவிலக்கு. அதை இரவில் போட்டால் நடுராத்திரியில் இரண்டு தடவை இருட்டில் எழுந்து நடக்க வேண்டிவரும். நின்றால் பிரஷர் சரிகிறவருக்கு அது ஆபத்து. அதைக் காலைச் சாப்பாட்டோடு போட்டுக்கொள்ளுங்கள்.